எங்கள் கையால் ஒரு கேரியர், இரண்டு பைகள்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும் வங்கி ஊழியர்களுக்கு எவ்வளவு அருமையானவை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அன்றைய தினம் கிளையின் கதவு அடைத்திருப்பதைக் கண்டு திரும்பிச் சென்ற அனுபவமும் உங்களில் பலருக்கு இருக்கும். 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த விடுமுறைகளை, புனே நகரில் பணிபுரியும் நாங்கள் மூவர் மிதிவண்டியில் செலவிடத் தொடங்கினோம். ஒருவர் காசாளர், ஒருவர் வேளாண் கடன் பிரிவைப் பார்ப்பவர், மற்றவர் இதை எழுதுபவர். முதலில் காலையில் சென்று மாலையில் திரும்பும் பயணங்கள். பிறகு, இரவு எங்காவது கூடாரம் அடித்துத் தங்கி மறுநாள் திரும்பினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. எழுந்த உடனேயே ஒரு கேள்வியும் உடன் வந்தது. கூடாரத்தை எதில் கட்டி எடுத்துச் செல்வது?

முதுகில் பை மாட்டிக்கொண்டு 20 கி.மீ. ஓட்டலாம். 60 கி.மீ. ஓட்டினால் தோளும் இடுப்பும் மறுநாள் அலுவலக நாற்காலியில் நம்மை உட்கார விடுவதில்லை. சுமையை மனிதன் சுமக்காமல் வண்டி சுமக்க வேண்டும் என்பதுதான் இதன் முதற்பாடம். தக்காணத்தில் லம்பாடி மக்கள் காளைகளின் இருபுறமும் பொதிமூட்டைகளைத் தொங்கவிட்டுத் தானியம் கொண்டு சென்றது இதே கணக்கில்தான். மிதிவண்டிப் பக்கப் பைகளுக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘பானியர்’ என்ற பெயர்கூட ரொட்டிக் கூடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கழுதை முதுகில் இருபுறமும் தொங்கிய கூடை, காலப்போக்கில் சக்கரத்தின் இருபுறமும் தொங்கலாயிற்று.

கடையில் விசாரித்தோம். வெளிநாட்டுப் பைகள் ஒரு ஜோடி ஐந்து இலக்கத் தொகை. அதைத் தாங்கும் கேரியருக்குத் தனி விலை. மூன்று வண்டிகளுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த வேளாண் கடன் நண்பர், “இதற்குத் திட்ட அறிக்கையும் அடமானமும் கேட்க வேண்டியிருக்கும் சார்” என்றார். ஆகவே நாங்களே செய்துகொள்வதென முடிவாயிற்று.

இதில் நாங்கள் முன்னோடிகள் அல்லர். இங்கிலாந்தில் மிதிவண்டி முகாம் என்னும் பழக்கத்தை வளர்த்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங் தொழிலால் தையற்காரர். வண்டியில் எடுத்துச் செல்லத்தக்க எடை குறைந்த கூடாரங்களைத் தாமே வடிவமைத்து, 1901இல் மிதிவண்டி முகாமிடுவோருக்கென ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் ஆர்ட்லிப் பைகளின் தொடக்கமும் வீட்டுத் தையல் இயந்திரத்தில்தான். மழையில் நனைந்தபடி மிதிவண்டிப் பயணம் செய்த ஹார்ட்முட் ஆர்ட்லிப் என்னும் ஜெர்மானிய இளைஞர், சாலையில் சென்ற லாரியின் தார்ப்பாயைப் பார்த்து, அதே துணியில் பை தைத்தார். 1982இல் அது நிறுவனமாயிற்று. நம் நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928இல் சுற்றை நிறைவு செய்து திரும்பினர்.

கம்பியின் கணக்கு

கேரியர் செய்ய முதலில் அலுமினியத்தையே நினைத்தோம். எங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வாயுவும் அதற்கான இயந்திரமும் வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அது நடவாது. ஒட்டினாலும் ஒட்டிய இடத்தைச் சுற்றி உலோகம் வலுவிழக்கும். “இரும்பில் செய்யுங்கள் சாஹேப். வழியில் உடைந்தாலும் எந்த ஊரிலும் ஒட்டித் தருவார்கள்” என்றார் அவர். இக்கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம்.

இரும்பென்றால் எடை கூடுமே என்ற அச்சம் வரும். அதற்குக் கட்டட மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 395 கிராம். 6 மி.மீ. கம்பி 222 கிராம். ஒரு கேரியருக்குச் சுமார் 4 மீட்டர் தேவை. முழுவதும் 8 மி.மீ. என்றால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். முழுவதும் 6 மி.மீ. என்றால் ஒரு கிலோவுக்குள் அடங்கும், ஆனால் கால்கள் ஆடும். எனவே சுமை இறங்கும் கால்களுக்கு 8 மி.மீ., மேல்தட்டுக்கு 6 மி.மீ. என்று பிரித்துக்கொண்டோம். வணிகவியல் படித்ததற்கு இந்த அளவுக்காவது பயன் இருக்க வேண்டாமா?

வடிவத்துக்கு வழிகாட்டியவர்கள் பால்காரர்கள். மிதிவண்டியில் பால் கொண்டு செல்வோர் தடித்த கம்பிக் கொக்கிகளில் கேன்களைத் தொங்கவிடும் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கேனின் அடிப்பாகம் சக்கர அச்சின் மட்டத்துக்கும் கீழே இருக்கும். சுமை தாழ இருந்தால் வண்டி நிற்கும்போதும் திரும்பும்போதும் அடங்கி நிற்கிறது. உயர ஏற்றினால் தலைகனத்து ஆடுகிறது. ஜார்க்கண்டில் 200 கிலோவுக்கு மேல் நிலக்கரியை மிதிவண்டியில் அடுக்கித் தள்ளிச் செல்லும் எளிய மனிதர்களின் வண்டிகளிலும் மூட்டைகள் சட்டத்தின் இருபுறமும் தாழ்வாகவே தொங்குகின்றன. எங்கள் கேரியரில் பை மாட்டும் கம்பியை மேல்தட்டுக்கு நான்கு விரற்கடை கீழே தனியாக ஓடவிட்டோம். மேல்தட்டில் கூடாரம், கீழ்க்கம்பியில் பைகள்.

பையின் அளவை முதலில் அட்டைப் பெட்டியில் வெட்டிப் பார்ப்பது நல்லது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறி அமர்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்ற, குதிகால் போகும் வளைவை அட்டையின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் மற்றவர் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தைத்த எங்கள் முதற்பை ஒவ்வொரு சுற்றுக்கும் காலணியில் இடித்தது. பையின் முன்பக்கக் கீழ் மூலையைச் சாய்வாக வெட்டி, பையை மூன்று விரல் பின்னே தள்ளி மாட்டியதும் தொல்லை தீர்ந்தது. எங்கள் பையின் அளவு உயரம் 38 செ.மீ., அகலம் 28 செ.மீ., தடிமன் 16 செ.மீ. மூலை வெட்டியது போக ஏறக்குறைய 16 லிட்டர் கொள்ளும்.

பூச்சுத் தார்ப்பாயும் ஒரு தாயியும்

துணியில் நாங்கள் இரண்டு முறை ஏமாந்தோம். விளம்பரத் தட்டிக்குப் பயன்படும் பிளெக்ஸ் இலவசமாகக் கிடைத்தது. மடித்த இடத்தில் ஒரே மாதத்தில் கிழிந்தது. பருத்திப் படுதாவோ மழையைக் குடித்து இருமடங்கு கனத்தது. கடைசியில் லாரிகளுக்குப் போடும் பூச்சுத் தார்ப்பாயில் மிஞ்சிய துண்டுகளை எடை போட்டு வாங்கினோம்.

தைத்துக் கொடுத்தவர் எங்கள் கிளையில் கணக்கு வைத்துள்ள மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் உறுப்பினர். மராத்தியில் அக்காவை ‘தாயி’ என்பர். நாங்களும் அவ்வாறே அழைக்கிறோம். பள்ளிப் பைகள் தைத்துத் தழும்பேறிய கைகள் அவருடையவை. நாங்கள் வரைந்து கொடுத்த ஐந்து துண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணீர் துணி வழியாக வருவதில்லை சாஹேப், ஊசி போன துளை வழியாகத்தான் வரும். தையலைக் குறையுங்கள்” என்றார். முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் மூன்றும் ஒரே நீளத் துணியாக வருமாறு அவரே மாற்றி வெட்டினார். அடியில் தையலே இல்லாமற் போயிற்று. பக்கத் தையல்களை வீட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் போல, மேல்துணி வெளியே வருமாறு மடித்துத் தைத்தார். தையல் வரிகளின்மேல் உட்புறமாகப் பிவிசி பசையை இருமுறை பூசினோம். வாய்க்கு ஜிப் வைக்க வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். துணியை 15 செ.மீ. கூடுதலாக விட்டு, மூன்று முறை சுருட்டி, இருபுறமும் பக்கிள் மாட்டினால் ஜிப்பைவிட நன்றாக நீரைத் தடுக்கிறது, மணல் புகுந்து கெடுவதும் இல்லை.

பையின் முதுகுக்கு விறைப்பு வேண்டும். பெயர்ப்பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்பேக் தாளை இரட்டையாக வைத்து, அதன்மேல் 25 மி.மீ. அகல அலுமினியப் பட்டையை ரிவிட் அடித்தோம். பட்டையின் மேல்முனைகளை வளைத்தால் அதுவே கொக்கி. கொக்கியின் உட்புறம் பழைய டியூப்பைச் சுற்றினால் கம்பியில் உராய்ந்து கடகடக்காது. கீழே ஒரு ரப்பர் கயிறும் சிறு கொக்கியும் வைத்துக் கேரியரின் காலோடு இழுத்து மாட்டியாக வேண்டும். இல்லையெனில் பள்ளத்தில் இறங்கும்போது பை மேலே குதித்துக் கழன்றுவிடும்.

தைக்க நேரமில்லாதவர்க்கு வேறு வழியும் உண்டு. சமையல் எண்ணெய் வரும் 15 லிட்டர் சதுரக் கேனின் மேற்பாகத்தை அறுத்து, கழுவி, கொக்கி அடித்தால் ஒரு பை ஆயத்தம். அழகாக இராது. ஆனால் முகாமில் கவிழ்த்துப் போட்டால் உட்காரும் முக்காலியாகும்.

எழுதப்படாத ஒரு செலவு

முதல் வண்டிக்கான செலவைக் காசாளர் தம் வழக்கப்படி குறித்து வைத்தார். கம்பியும் வெல்டிங்கும் 600 ரூபாய், தார்ப்பாய் 750, நாடாவும் பக்கிளும் 260, தையற்கூலி 500, போல்ட் வாஷர் வகையில் 40. மொத்தம் 2,150 ரூபாய். பட்டியலின் முதற்படியில் போல்ட் வகைக்கு இன்னும் கூடுதலாக எழுதியிருந்தார். உயர்வலுப் போல்ட்டுகள் வாங்க வேண்டுமென்பது அவர் எண்ணம். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு இவ்வளவா என்று அதை அடித்துவிட்டு 40 என்று திருத்தியது, இதை எழுதும் எங்கள் கையே.

2022 டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, தாம்ஹிணி மலைச்சாலை வழியாகக் கொங்கண் கடற்கரைக்குப் புறப்பட்டோம். முல்ஷி ஏரியைக் கடந்து மலையின் உச்சிவரை எல்லாம் நன்றாகவே இருந்தது. மதியத்துக்குப் பின் இறக்கத்தில், முன்னே சென்ற காசாளரின் வண்டியிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஒலி. கேரியரின் இடக்கால் தனியே விலகியது. பை உள்ளே சாய்ந்து பின்சக்கரத்தின் ஆரக்கால்களில் சிக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ள, அவர் வலப்புறமாகச் சாலையில் விழுந்தார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த நல்ல காலம் அது ஒன்றே.

காரை எலும்பு முறிந்திருந்தது. அருகிலிருந்த ஊரின் மருத்துவமனையில் கையைத் தூக்கிக் கட்டினார்கள். ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள். இரவு புனேயிலிருந்து அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். நாங்கள் வஹினி என்று அழைப்பவர், அண்ணி முறை. அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து, “பாவூஜி, அந்தப் போல்ட்டை வாங்கியது யார்?” என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. சொன்னோம்.

முறிந்த போல்ட்டைப் பட்டறைக்காரரிடம் கொண்டு சென்றோம். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, போல்ட்டின் தரம் பாதிக் காரணம்தான் என்றார். வண்டியின் பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. அதன் பிடிப்பான் இடப்பக்கம் துருத்திக்கொண்டிருப்பதால் கேரியரின் கால் சட்டத்தில் படிந்து உட்கார இடமில்லை. அந்த இடைவெளியை நிரப்ப நான்கைந்து வாஷர்களை அடுக்கி, நீளமான போல்ட்டை மாட்டியிருந்தோம். ஆகவே பையின் முழுச் சுமையும் சட்டத்துக்கு வெளியே இரண்டு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்த 5 மி.மீ. போல்ட்டின் முனையில் தொங்கிற்று. ஒவ்வொரு குழியிலும் அது சற்றே வளைந்து நிமிர்ந்திருக்கிறது. மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் எப்படி ஒடிகிறதோ அப்படியே ஒடிந்தது. உயர்வலுப் போல்ட் போட்டிருந்தால் மலையைத் தாண்டியிருக்கலாம், அடுத்த பயணத்தில் ஒடிந்திருக்கலாம். இதைக் கேட்டபோது எங்களுக்கு ஆறுதல் வந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது.

தீர்வு எளிது. வாஷர் அடுக்கை எடுத்துவிட்டு, கம்பிக் காலையே பிரேக்கின் மேலே வெளிப்புறமாக வளைத்து, கீழே மறுபடி உட்புறமாகக் கொண்டுவந்து, முனையில் தட்டையான இரும்புக் காதை ஒட்டினார். காது சட்டத்தின் மேல் நேராகப் படிந்தது. போல்ட் இப்போது சுமையைத் தாங்குவதில்லை, இரண்டு இரும்பையும் இறுக்கிப் பிடிக்கிறது. போல்ட்டுகளும் மாறின. தலையில் 8.8 என்று பொறித்தவை உயர்வலு வகை. சாதாரணக் கடைச் சரக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு இழுவலு உடையவை. அதிர்வில் கழலாத நைலாக் நட்டுகளையும், துளையில் மரை மட்டும் இருக்கும் இடங்களில் ஸ்பிரிங் வாஷர்களையும் போட்டோம். உங்கள் வண்டியின் சட்டத்தில் துளையே இல்லையென்றால், ரப்பர் உள்வைத்த வளையக் கிளிப்புகளால் கேரியரைப் பிடிக்கலாம். ஆனால் அவ்வகையில் சுமையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

சோதனை

புதிய கேரியரை யார் சான்றளிப்பது என்ற கேள்விக்கு வஹினியே விடை சொன்னார். தாம் பார்க்காமல் வண்டி வீட்டைவிட்டு நகரக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்களுடைய குடியிருப்பு வளாகத்தில், இரு பக்கமும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒவ்வொன்றாகக் கட்டினோம். பயணத்தில் நாங்கள் ஏற்றும் சுமை 15 கிலோ. அன்று ஏற்றியது 40 கிலோ. வளாகத்து வேகத்தடைகளின் மேல் ஐம்பது முறை ஏறி இறங்கினோம். ஓட்டியது நாங்கள், காசாளர் அல்லர். பத்து முறைக்கு ஒருமுறை நிறுத்தி, ஆலன் கீ கொண்டு போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று வஹினி தம் கையால் சோதித்தார். இருபதாவது முறையில் வலக்கால் போல்ட் கால் திருகு தளர்ந்திருந்தது. கழற்றி, மரைப்பூட்டுப் பசை தடவி, மறுபடி முடுக்கினோம். அவர் கணக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கச் சொன்னார். வளாகத்துக் காவலாளி எங்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

காசாளர் மீண்டும் வருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஓராண்டு கழித்து ஒருநாள் மாலை, பணப்பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வந்தவர், “இரண்டாம் சனியோடு மூன்று நாள் விடுப்புச் சேர்த்தால் ரத்னகிரிவரை போகலாமா சார்?” என்றார்.

2024 பிப்ரவரியில் சென்றோம். தாம்ஹிணி இறக்கத்தில் மூவரும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினோம். அந்தத் திருப்பத்தில் எவரும் பேசவில்லை. மாண்காவ் அருகே முதல் இரவு. ஹரிஹரேஷ்வருக்குப் பின், பாக்மாண்ட்லாவில் சாவித்திரி ஆற்றின் கழிமுகத்தைப் படகில் கடந்து வேஸ்வி. தாபோலில் வாசிஷ்டி ஆற்றைக் கடந்து தோபாவே. தவ்சாளில் சாஸ்திரி ஆற்றைக் கடந்து ஜய்கட். கார்களும் ஏறும் இப்படகுகளில் மிதிவண்டியைத் தயக்கமின்றி ஏற்றிக்கொள்கிறார்கள். கடற்கரைச் சாலை நெடுக ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அங்கேதான் எடையைப் பிரித்து வைக்கும் அருமை தெரியும். கனமான அரிசி, அடுப்பு, கருவிகள் பையின் அடியில். இரு பைகளும் அரைக் கிலோவுக்குள் சமமாக. பழைய தாள் வாங்குவோர் வைத்திருக்கும் கொக்கித் தராசு இதற்குப் போதும். மழைக் காலமல்லாத மாதமாயினும் விடியற்காலைப் பனியில் கூடாரம் நனைந்துவிடும். நனைந்த கூடாரத்தைப் பைக்குள் திணிக்காமல் மேல்தட்டில் விரித்துக் கட்டினால் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது. கூடாரம் அடிக்குமுன் கோயில் தர்மகர்த்தாவிடமோ தோட்டத்துக்காரரிடமோ கேட்டு அனுமதி பெற்றோம். எங்கும் மறுக்கவில்லை. குஹாகரில் ஒரு வீட்டார் தென்னந்தோப்பில் இடம் கொடுத்ததோடு கோகம் சர்பத்தும் கொடுத்தார்கள்.

ஒவ்வோர் இரவும் சாப்பாடு முடிந்ததும் காசாளர் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு மூன்று வண்டிகளின் போல்ட்டுகளையும் சோதித்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். பேச்சு எப்போதும் எண்ணிக்கையில் தொடங்கும். மூன்று வண்டி, பன்னிரண்டு போல்ட், தளர்ந்தது ஒன்றுமில்லை. கண்பதிபுளேயில் கடைசி இரவு ஒன்று தளர்ந்திருந்தது. அது எங்கள் வண்டியினுடையது. அதையும் சொன்னார்.

பைகள் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கின்றன. ஒன்றின் அடி தேய்ந்து, தாயி ஒட்டுப் போட்டிருக்கிறார். கேரியர் ஒன்றில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கியுள்ளது. முன்சக்கரத்துக்கும் ஒரு சிறு கேரியர் செய்யும் திட்டம் உண்டு. அதற்கான பட்டியலைக் காசாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போல்ட் வகைக்கு எழுதிய தொகையின் கீழே வஹினியின் கையெழுத்து இருக்கிறது.